பெரம்பூர் மேடம்

வீடு எங்கே என்று யாராவது கேட்டால் சங்கமித்ரா யோசிக்காமல் "பெரம்பூர்" என்பாள். வீடு இருப்பதென்னவோ வியாசர்பாடி குடியிருப்பில், மூன்றாவது மாடியில். சாயங்காலம் கம்பெனி வேன் அவளைப் பெரம்பூர் ரயில் நிலையத்தருகே இறக்கிவிடும். வேன் திரும்பி மறைகிற வரைக்கும் கைப்பையில் எதையோ தேடுகிறவள்போல நின்றுவிட்டு, பிறகு ஷேர் ஆட்டோ பிடித்து வீடு வந்து சேருவாள். நான்கு வருஷமாக இதே கூத்து. அவளைக் குறை சொல்லிவிடாதீர்கள். வியாசர்பாடி என்றதும் எதிராளியின் முகம் போகிற போக்கைப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த வலி தெரியும்.

பேச்சு விஷயமும் அப்படித்தான். கல்லூரியில் முதல் நாள், வாத்தியார் அவள் பெயரைக் கூப்பிட்டதற்கு "இன்னா சார்?" என்று எழுந்து நின்றாள். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. அன்றைக்கு முடிவு கட்டியவள்தான், அந்தப் பேச்சை வீட்டு வாசலோடு நிறுத்திக்கொண்டாள். வீட்டுக்குள் அவளை அடக்க முடியாது. தண்ணீர் லாரிக்காரர், ரேஷன் கடைக்காரர், எதிர்வீட்டுச் சண்டைக்காரி எல்லோரையும் அப்படியே பேசிக் காட்டுவாள்; அம்மா சொக்கம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். வேலைக்குப் போனால் வாயில் இஸ்திரி போட்ட தமிழ். ஒரே உடம்பில் இரண்டு பேர் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தார்கள், முகம் பார்த்துக்கொள்ளாமல்.

எண்ணூர் விரைவுச்சாலையை ஒட்டிய ஒரு கன்டெய்னர் யார்டில் அவள் பாதுகாப்பு அதிகாரி. தினமும் காலை எட்டு மணிக்கு, வேலை தொடங்கும் முன்னால், தொழிலாளர்களை நிற்கவைத்துப் பத்து நிமிஷம் பேச வேண்டும். "பின்னோக்கி வரும் வாகனங்களின் பின்புறத்தில் நடமாடுவதைத் தவிர்க்கவும்" என்று அவள் வாசிப்பாள். அவர்கள் நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கலைந்துபோவார்கள். செவிடன் காதில் ஊதிய சங்குதான். அவளுக்கு அவர்கள் 'நியூஸ் மேடம்' என்று பெயர் வைத்திருந்தது அவளுக்கும் தெரியும்.

பெயர் போகட்டும். இரண்டு மாதத்துக்குள் இரண்டு பேர் ஸ்டேக்கருக்கு அடியில் போகப் பார்த்தார்கள். ஸ்டேக்கர் என்பது கன்டெய்னரை அப்படியே கவ்வித் தூக்கி அடுக்குகிற ராட்சத வண்டி. அது பின்னால் வரும்போது ஓட்டுகிறவருக்குப் பாதி இடம் தெரியாது. இரண்டு பேரும் மயிரிழையில் தப்பினார்கள். மேலாளர் ரெஜி கோட்டயத்துக்காரர், நல்ல மனுஷர்தான். ஆனாலும் கறாராகச் சொல்லிவிட்டார். இன்னொன்று நடந்தால் பயிற்சியை வெளியாளிடம் கொடுத்துவிடுவார்களாம். அவளுடைய ஒப்பந்தமும் அதோடு முடியும். வேலை போகிற பயத்தைவிடப் பெரிய பயம் ஒன்று அவளுக்கு இருந்தது. மூன்றாவது ஆள் தப்பாமல் போய்விட்டால்?

அந்த நேரத்தில்தான் மைக் அவள் மானத்தை வாங்கியது. ஒரு நாள் காலை பத்தரை மணிக்கு, கண்ணாடி அறையில் உட்கார்ந்து ஒலிபெருக்கியில் ஏதோ அறிவிப்புப் படித்தாள். மைக்கை அணைக்க மறந்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து அம்மா போன் செய்தாள், தண்ணீர் லாரியில் சண்டையென்று.

"அந்த ஆளாண்ட நீ இன்னாத்துக்கு வாய் குட்த்துகினு கீற? கொடத்த எட்த்துகினு மேல போய் குந்து. சாய்ங்காலம் நான் வந்து அவன பேசிக்கிறேன். நெத்திலி கொழம்பு கீதா? அல்லாத்தையும் நீயே துன்னுடாத."

யார்டு முழுக்கப் பன்னிரண்டு ஒலிபெருக்கிகள். அத்தனையிலும் நெத்திலிக் குழம்பு மணத்தது.

விஷயம் தெரிந்ததும் பாய்ந்து மைக்கை அணைத்தாள். பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது. மதியம் வரை அறையை விட்டு வெளியே வரவில்லை. சாப்பாட்டு வேளையில் ஸ்டேக்கர் ஓட்டுகிற அப்பாவு கதவைத் தட்டினார். ஐம்பது வயது, அதிகம் பேசாதவர். கேலி செய்யத்தான் வந்திருக்கிறார் என்று அவள் முகத்தை இறுக்கிக்கொண்டாள். அவர் எந்த ஏரியா என்று மட்டும் கேட்டார். பழக்க தோஷம், பெரம்பூர் என்றாள். அப்பாவு சிரித்துவிட்டார். அந்தப் பெரம்பூரில் தண்ணீர் லாரி எத்தனை மணிக்கு வருகிறது என்று அவருக்கும் தெரியுமாம். அவர் வீடு அவளுடைய குடியிருப்பிலிருந்து நாலாவது தெரு. பொண்ணு பார்க்கப் போனபோது அவரும் பெரம்பூர் என்றுதான் சொன்னாராம்.

அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பில், நான்கு வருஷமாகக் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டுவிட்டாள். "ஏன்ணா, வண்டி பின்னால இன்னாத்துக்கு பூர்றாங்க?"

அவர் சொன்னார். குடிதண்ணீர் டிரம் இருப்பது ஆறாவது வரிசைக்கு அந்தப் பக்கம். நடப்பதற்கென்று போட்ட மஞ்சள் கோட்டு வழியாகப் போனால் வெயிலில் சுற்றிவரப் பத்து நிமிஷம், சூப்பர்வைசர் திட்டுவார். வண்டிக்குப் பின்னால் குறுக்கே புகுந்தால் இரண்டு நிமிஷம். ஆக, தாகத்துக்காக உயிரைப் பணயம் வைத்திருக்கிறார்கள். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்றாள். "நீ படிக்கிற, நாங்க கேக்குறோம். நடுவுல நாங்க இன்னா பேசறது மா?" என்றார் அவர். நியாயமான கேள்வி.

மறுநாளே டிரம் இந்தப் பக்கம் வந்தது. ஆனால் ரெஜி கூப்பிட்டு ஒரு வார்த்தை சொன்னார். வியாழக்கிழமை பாதுகாப்புத் தணிக்கைக்காரர்கள் வருகிறார்கள், ஒலிபெருக்கியில் கேட்ட பேச்செல்லாம் அன்றைக்கு வேண்டாம், எப்போதும்போல எழுதி வைத்து நன்றாகப் படியுங்கள் என்றார். அவள் தலையாட்டினாள். இரண்டு பக்கத்துக்கு எழுதியும் வைத்தாள்.

வியாழக்கிழமை காலை, வெள்ளை ஹெல்மெட் போட்ட தணிக்கைக்காரர்கள் மூன்று பேர் முன்னால் நின்றார்கள். சங்கமித்ரா தாளைப் பிரித்து இரண்டு வரி வாசித்தாள். எதிரே நின்ற தொழிலாளர்களின் முகங்கள், கடை ஷட்டர் இறங்குவதுபோல ஒவ்வொன்றாக மூடிக்கொண்டதைப் பார்த்தாள். பயமாகத்தான் இருந்தது. கல்லூரிச் சிரிப்பு காதில் கேட்கத்தான் செய்தது. தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"இங்க பாரு, ஆறாவது வரிசைல இன்னிக்கு பதினோரு பேர் நிக்கப் போறீங்க. யாருக்கு இன்னா பேஜாருன்னு இப்பவே சொல்லு. அப்பால சொல்றதுக்கு ஆள் இருக்கணும்ல?"

கூட்டம் சிரித்தது. ஆனால் இந்தச் சிரிப்பு அவளைச் சுடவில்லை. தண்ணீருக்காகப் பதுங்கிப் பதுங்கி ஓடுகிறவனை அப்படியே நடித்துக் காட்டினாள். ஒரு வெள்ளை ஹெல்மெட்டும் சேர்ந்து சிரித்தது. அப்பாவு சூப்பர்வைசரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"என் வண்டில பின்னால வர்றப்போ அடிக்கிற ஹாரன் நேத்துல இருந்து அடிக்கல மா. இவங்கல்லாம் போன அப்பால பாத்துக்கலாம்னு சொல்லிட்டாங்க."

சூப்பர்வைசர் தரையைப் பார்த்தார். ரெஜியின் முகம் வெளுத்தது. அந்த வண்டி நின்றால் அன்றைய வேலையே நின்ற மாதிரி. சங்கமித்ரா நேராகப் போய் அப்பாவுவிடம் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். வண்டி ஓடாது என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். ரெஜி மெக்கானிக்குக்குப் போன் போட்டார்.

மெக்கானிக் வந்து திறந்து பார்த்தபோது உள்ளே ஒயர் தேய்ந்து அறுந்து கிடந்தது. சரிசெய்ய மூன்று மணி நேரம் ஆனது. தணிக்கைக்காரர்கள் நீளமாக ஏதோ எழுதிக்கொண்டு போனார்கள். அவர்களை அனுப்பிவிட்டு ரெஜி அவளிடம் வந்து, பயிற்சியை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள், உங்கள் பாஷையிலேயே, என்றார்.

மதியம் ஹாரனைச் சோதித்துவிட்டு அவள் சாவியைத் திருப்பிக் கொடுத்தாள். ஆறாவது வரிசையில் அந்தப் பதினோரு பேரும் வேலை செய்துகொண்டிருந்தார்கள். எண்ணினாள், பதினொன்றும் இருந்தது. கண் நிறைந்துவிட்டது. உள்ளே ஒதுங்கியே வாழ்ந்த இரண்டு பேரும் இன்றைக்கு ஒரே ஆளாக வெயிலில் நின்றுகொண்டிருந்தார்கள், அது அவளுக்குத் தாங்கமுடியாத சந்தோஷமாக இருந்தது.

அப்பாவு சாவியைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார்.

"இன்னாமா, அழுவுறியா சிரிக்கிறியா?"

"ரெண்டும் தான்ணா," என்றாள் சங்கமித்ரா. "நீ வண்டிய எடு."