மூன்றாம் பக்கத்து ஸ்டேஷன்

எங்கள் சாய்ந்தமருதுக்குக் கோச்சி கிடையாது. தண்டவாளம் மட்டக்களப்போடு நின்றுவிட்டது. அப்படியிருந்தும், எண்பதுகளின் தொடக்கத்தில், ஜப்பானில் ஏதோ ஒரு சின்ன ஊரின் ஸ்டேஷனைப் பற்றி எங்கள் வீட்டுக்குத் தெரிந்த அளவு இந்தக் கரையில் யாருக்கும் தெரிந்திருக்காது.

எல்லாம் சாச்சாவின் வேலை. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அப்படி உம்மாவின் தங்கையைக் கட்டி எங்கள் வீட்டுக்கு வந்தவர், வருசம் திரும்ப முன்னமே, வள்ளத்து இஞ்சின் திருத்தப் பழகுவதற்கு ஆறு மாதம் ஜப்பானுக்குப் போனார். போகும்போது சாச்சிக்கு இரண்டு மாதம். "புள்ள பிறக்க முந்தி வந்திருவன். காதுல பாங்கு நான்தான் சொல்லுவன்" என்று எல்லாருக்கும் முன்னால் சொல்லிவிட்டுத்தான் போனார்.

எங்கள் வீட்டில் வெளிநாட்டுக் கடிதம் தனியாளுக்கு வராது. உறையில் யார் பேர் இருந்தாலும், அசர் தொழுத பிறகு எல்லாரும் சுற்றிக் குந்த, சத்தமாக வாசித்தாக வேண்டும். சாச்சி குர்ஆனைத் தங்குதடையில்லாமல் ஓதுவா. தமிழ் எழுத்துத்தான் கூட்டத் தெரியாது. அதனால் வாசிக்கிறதும் மறுமொழி எழுதுகிறதும் பத்து வயது நான். அந்தப் பெருமையில் எனக்குக் கால் நிலத்தில் படவில்லை.

முதல் இரண்டு பக்கமும் சலாமும் சுகமும். மூன்றாம் பக்கத்தில் ஸ்டேஷன் தொடங்கும். அவருடைய அறைக்கு நேர் முன்னால் இருந்ததாம். வீட்டுக்கு ஒரு மரம் கொடுத்து ஊர்ச்சனமே கட்டியதாம். முதல் கோச்சி வந்த அன்று, பள்ளிவாசலுக்குள் நுழைகிற மாதிரி செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஏறிய சனம், அடுத்த ஊரில் வெறுங்காலோடு இறங்கி முழித்ததாம். இதையெல்லாம் சொன்ன வயசான ஸ்டேஷன் மாஸ்டரின் பேச்சில் பாதி இவருக்கு விளங்கவுமில்லை, அது வேறு கதை. ஸ்டேஷன் வந்தால் வாப்பா தொப்பியைத் தேடுவார், உம்மா அடுப்பைப் பார்க்க எழும்பிவிடுவா. சாச்சி மட்டும் அசையமாட்டா. 'நான்தான் கடைசிவரைக்கும் கேட்கிறேன்' என்று மறுமொழியிலும் எழுதச் சொன்னா.

நாலாவது கடிதம் வந்த அன்று, வேலிக்கு அப்பால் கூட்டாளிமார் கிளித்தட்டுக்குக் கோடு கீறிக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் பக்கம் முடிய, வாப்பாவும் உம்மாவும் வழக்கம்போல் எழும்பினார்கள். நான் தாளை மடித்தேன்.

"ஸ்டேஷனப் பத்தி ஒண்டுமில்லயா மகள்?"

"இல்ல சாச்சி. மிச்சமெல்லாம் இஞ்சின் சாமான்ட பேருகள்."

"வடிவாப் பாருங்க."

"அல்லாவே, இல்லயெண்டா இல்ல!"

உறுத்தலா, அதெல்லாம் ஒன்றுமில்லை. பறந்துவிட்டேன். அந்தமுறை சாச்சி சொல்லி நான் எழுதிய மறுமொழி நாலே வரி.

அடுத்த கடிதம் முதல் பக்கத்திலேயே விசயத்தைச் சொன்னது. இன்னும் ஆறு மாதம் நிற்க ஒப்பம் வைத்துவிட்டாராம். சாச்சி அழவில்லை. "என்னட்ட ஒரு சொல்லுக் கேக்கல்லயே" என்றா. பிறகு மீன் அரியும்போதும் சொன்னா, தலை வாரும்போதும் சொன்னா. பிள்ளை பிறந்தது. பாங்கை வாப்பாதான் சொன்னார்.

சாச்சா வந்திறங்கிய அன்று, ஐந்து மாதப் பிள்ளையைத் தூக்கத் தெரியாமல் தூக்கினார். சாச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டா: "கேக்காமலே நிண்டுட்டீங்கதானே?"

அவர் திகைத்துப்போனார். "கேட்டு எழுதினனே! நீங்க மட்டும்தான் கடைசிவரைக்கும் கேப்பீங்க எண்டுதானே ஸ்டேஷனுக்குப் பின்னால எழுதினன். மறுமொழியில ஒண்டுமில்ல. சரி, நிக்கச் சொல்றீங்க எண்டு நினைச்சன்."

சாச்சி அலுமாரியிலிருந்து கடிதக் கட்டைக் கொண்டுவந்தா. எழுத்துத் தெரியாதவ, அந்தக் கடிதத்தைச் சரியாக உருவி என் கையில் தந்தா.

"வாசிங்க."

வாசித்தேன். யுத்தக் காலத்தில் ஸ்டேஷன் மணியைக் கழற்றிக்கொண்டு போனார்களாம், பிறகு ஊர்ச்சனம் புதிதாக ஒன்று வாங்கித் தொங்கவிட்டதாம். அதற்குக் கீழே இருந்தது: 'இன்னும் ஆறு மாதம் நிற்கச் சொல்கிறார்கள். நின்றால் தொழில் முழுதும் கைக்கு வரும். ஆனால் வாருங்கள் என்று நீங்கள் ஒரு வரி எழுதினால், அன்றைக்கே இந்த ஸ்டேஷனில் கோச்சி ஏறுவேன்.'

விழப்போகிற அறைக்குக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். விழவில்லை. திறந்து பார்த்தால், சாச்சி அழுதுகொண்டே சிரிக்கிறா.

"இன்னொருக்கா வாசிங்க மகள். அந்தக் கடைசித் துண்ட."

இதுதான் எனக்குத் தருகிற தண்டனை என்று நினைத்துக்கொண்டு, மறுபடியும் வாசித்தேன்.