உர்பானின் ஐம்பத்திரண்டு சென்டிமீட்டர்

எங்கள் வேட்டைக் கழகத்தின் ஆண்டு மலருக்கு என் மச்சான் உர்பானைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தர வேண்டுமாம். அவனுக்கு அறுபது முடிகிறது. செயலாளர் ஸ்தானே என்னைத்தான் பிடித்தார்.

"நீதான் வீட்டு மனுஷன், யெர்னெய். உனக்குத் தெரியாதது வேற யாருக்குத் தெரியும்? நல்லதா நாலு வார்த்தை எழுது" என்றார்.

இருபத்தொன்பது வருடமாக அவனைப் பற்றி நல்ல வார்த்தை கேட்டே காது புளித்தவன் நான். கேட்பது போதாதென்று இப்போது எழுதவும் வேண்டும். மலருக்கு வேண்டியதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் என் வயிற்றெரிச்சலை இங்கே கொட்டிவிடுகிறேன்.

உர்பான் பால் வண்டி ஓட்டுகிறான். கீழே லூச்செ ஊரிலிருந்து மேலே கடைசிப் பண்ணைவரை தினமும் காலையில் ஏறி, வீட்டுக்கு வீடு பால் எடுத்துக்கொண்டு இறங்குவான். ஏறும்போது ரொட்டி, மருந்து, தபால் என்று யாருக்கு எது வேண்டுமோ வாங்கிப் போவான். அதனால் இந்தப் பள்ளத்தாக்கில் அவனுக்குத் திறக்காத கதவு கிடையாது. நான் மர அறுவை ஆலையில் வேலை செய்கிறேன். எனக்கும் எல்லாக் கதவும் திறக்கும், ஆனால் "என்ன விஷயம்?" என்று கேட்டுவிட்டுத் திறக்கும்.

அவன் புல் அறுத்துக் காயப்போட்டால் மூன்று நாள் வெயில் அடிக்கும். நான் காயப்போட்ட மறுநாளே மழை வந்துவிடும். அவன் கல்யாணத்தன்று மே மாத வெளிச்சம் ஊரெல்லாம் கொட்டிக் கிடந்தது. என் கல்யாணத்தன்று ஆலங்கட்டி விழுந்து தேவாலயத்தின் கண்ணாடி ஒன்று உடைந்தது. இதைத் தற்செயல் என்பார்கள். இருபத்தொன்பது வருடம் தொடர்ந்து நடந்தால் அதைத் தற்செயல் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இது போதாதென்று என் மனைவி பவ்லா அவன் தங்கை. "எங்க அண்ணனா இருந்தா" என்று அவள் தொடங்கினால் நான் கோடரியை எடுத்துக்கொண்டு விறகு பிளக்கப் போய்விடுவேன். எங்கள் வீட்டில் விறகுக்குப் பஞ்சமே வந்ததில்லை.

ஒரே ஒரு விஷயத்தில் நாங்கள் சமமாக இருந்தோம். மூன்று வருடத்துக்கு முன்னால் இருவரும் ஒரே மாதத்தில் ஒரே தொழிற்சாலையின் ஒரே வகை வேட்டைத் துப்பாக்கியை வாங்கினோம். மலைக்கென்றே செய்த எடை குறைந்த துப்பாக்கி, குழல் ஐம்பத்தாறு சென்டிமீட்டர். அந்தக் குளிர்காலம் முழுவதும் நான் நிம்மதியாக இருந்தேன். பவ்லாகூட, "என்ன, விறகுப் பக்கமே போகல?" என்று கேட்டாள்.

வசந்தகாலக் கூட்டத்தில் அந்த நிம்மதிக்கு முடிவு வந்தது. கழகக் குடிலின் நீள மேசையில் பேரிக்காய்ச் சாராயம் ஒரு சுற்று முடிந்திருந்தது. உர்பான் கோப்பையைக் கீழே வைத்தான்.

"குழல வெட்டியாச்சு. ஆஸ்திரியாப் பக்கம் ஒருத்தர்கிட்ட குடுத்தேன். இப்ப அம்பத்திரண்டு."

மேசையில் ஒருவர் சீட்டியடித்தார். ராதூஹா மலையில் வேட்டையாடுகிறவனுக்கு அதன் அர்த்தம் தெரியும். மேலே ஆள் உயரத்துக்குக் குட்டைப் பைன் புதர் பின்னிக் கிடக்கிறது. தோளில் மாட்டிய துப்பாக்கியின் குழல் தலைக்கு மேல் நீட்டிக்கொண்டு ஒவ்வொரு கிளையிலும் மாட்டும், பின்னால் யாரோ சட்டையைப் பிடித்து இழுப்பது மாதிரி. பாறை விளிம்பில் ஒரு இழுப்பு போதும், கீழே போக.

"இப்பல்லாம் சும்மா கீரி மாதிரி நுழைஞ்சு போறேன்" என்றான்.

எனக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. மறைக்க என்ன இருக்கிறது, எரிந்தது. அடுத்த சனிக்கிழமையே துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு கீழே மிஹாவின் பட்டறைக்குப் போனேன். மிஹா எங்கள் பக்கத்துத் துப்பாக்கிக் கொல்லர்.

"எவ்வளவு வெட்டணும்?" என்றார்.

"உர்பானோடது அம்பத்திரண்டாம்."

"என்கிட்ட வரல அவரு" என்று முகம் சுளித்தார். "இருக்கட்டும். அம்பத்திரண்டு நல்ல அளவுதான். குண்டோட வேகம் கொஞ்சம் குறையும், பெருசா தெரியாது."

"எனக்கு நாப்பத்தாறு."

கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "யெர்னெய், இது ஒண்ணும் பலகை இல்ல. நாப்பத்தாறுன்னா மருந்து முழுசா எரியறதுக்குள்ள குண்டு வெளிய போயிடும். மிச்ச மருந்து வெளியதான் வெடிக்கும், காது கிழியும். தூரம் போகப் போக குண்டு கீழ இறங்கும்."

"எடை எவ்வளவு குறையும்?"

"நூறு கிராம்."

"அது போதும்."

"நூறு கிராமுக்கா இவ்வளவும்? காலைல கொஞ்சம் ரொட்டியக் குறைச்சுக்க, மனுஷா!"

நான் அசையவில்லை. அவர் பெருமூச்சு விட்டுக்கொண்டு வாங்கிக்கொண்டார். திரும்ப எடுக்கப் போனபோது, "ஒண்ணு மட்டும் கேளு. இருநூறு, முந்நூறு மீட்டர்ல மறுபடி சுட்டுப் பாத்துட்டுத்தான் மலைக்குப் போகணும். உன் பழைய கணக்கு இதுக்கு ஆகாது" என்றார்.

முந்நூறு மீட்டர் சுடும் இடம் எங்கள் பள்ளத்தாக்கில் ஒன்றுதான், கழக மைதானம். அதன் பொறுப்பாளர் யார்? உர்பான். சாவி அவன் வீட்டு ஆணியில் தொங்குகிறது. நான் போய் அவனிடம் சாவி கேட்டு, என் துப்பாக்கி போடும் கூச்சலுக்கு அவன் பக்கத்தில் நின்று, "என்ன மாப்ள, பீரங்கியா?" என்று சிரிப்பதை வேறு பார்க்க வேண்டுமா? ஆலைக்குப் பின்னால் நூறு மீட்டரில் மூன்று முறை சுட்டேன். மூன்று ஓட்டையையும் ஒரு காசால் மூடிவிடலாம். திருப்தியாக வீட்டுக்குப் போனேன்.

அடுத்த கூட்டத்தில் கோப்பையைக் கீழே வைத்து, "நாப்பத்தாறு" என்றேன்.

உர்பானின் முகம் ஒரு கணம் செத்துப்போனது. அந்தக் கணத்தை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். பிறகு அவன் சிரித்துவிட்டான். "அடுத்த வருஷம் மாப்ள பாக்கெட்லயே போட்டுக்கிட்டு வருவான் பாருங்க." மேசையே சிரித்தது. சிரிக்கட்டும். ஆறு சென்டிமீட்டர் நான் முன்னால் இருந்தேன்.

போன இலையுதிர்காலத்தில், ஏழு வருடம் காத்திருந்த பிறகு, என் முறை வந்தது. கிழட்டு ஆண் மலையாடுகளில் வருடத்துக்கு இரண்டோ மூன்றோதான் எங்கள் கழகம் சுடலாம், அதற்கு வரிசை உண்டு. ஸ்தானே துணைக்கு வந்தார். விடிந்து இரண்டு மணி நேரத்தில் புதரைக் கடந்து மேலே போய்விட்டோம். குழல் ஒரு கிளையிலும் மாட்டவில்லை. அந்த நடையின் சுகத்தை இப்போதும் இல்லை என்று சொல்லமாட்டேன்.

ஆடு எதிர்ப் பாறையில் நின்றது. கொம்பு வளைந்த கிழவன், தனியாக. இருநூற்றெழுபது மீட்டர். பழைய பழக்கத்தில் எங்கே பிடிப்பேனோ அங்கே பிடித்துச் சுட்டேன். ஸ்தானே இரண்டு காதையும் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆடு விழவில்லை. முன்னங்கால் ஒன்று தொங்க, மூன்று காலில் தாவி விளிம்புக்கு அப்பால் மறைந்தது.

"குண்டு கீழ பட்டுடுச்சு" என்றார் ஸ்தானே.

அடிபட்ட மிருகத்தை அப்படியே விட்டுவிட்டு இறங்குகிறவனுக்கு எங்கள் குடிலில் யாரும் நாற்காலி நகர்த்தி இடம் தரமாட்டார்கள். அது நியாயம்தான். அந்த ஆடு எங்கோ புதருக்குள் கிடந்து நாள்கணக்கில் சாகும், அதற்குக் காரணம் நான் என்பதும் உறுத்தியது. ரத்தத் தடம் பிடிக்கப் பழகிய நாய் எங்கள் பள்ளத்தாக்கில் ஒன்றுதான் உண்டு, ஆய்டா. அதன் வார் யார் கையில் என்று சொல்லத் தேவையில்லை.

ஸ்தானே தன் போனை நீட்டினார். "நீ பேசறியா, நான் பேசட்டுமா?"

"நானே பேசறேன்." எண்களை அழுத்தினேன். "மச்சான்..."

"எங்க இருக்க?"

சொன்னேன்.

"அங்கயே இரு. தடத்த மிதிச்சுடாத."

குழலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு பண்ணை முற்றத்தில் பால் வண்டியை நிறுத்தி, சாவியைப் பண்ணைக்காரர் கையில் கொடுத்துவிட்டு, வீட்டுக்குப் போய் நாயையும் துப்பாக்கியையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். அடிவாரத்திலிருந்து ஒரு மணி ஐம்பது நிமிடம். எனக்கு இரண்டரை மணி நேரம் ஆகும். அந்த நிலையிலும் கடிகாரத்தைப் பார்த்தேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

ஸ்தானே மேலே காவலுக்கு நின்றார். ஆய்டா மூக்கைக் கல்லோடு ஒட்டிக்கொண்டு போனது, வாரைப் பிடித்து உர்பான், பின்னால் நான். கல்லில் ஒரு சொட்டு, பைன் ஊசியில் ஒரு சொட்டு. இரண்டு முறை தடம் தவறியது. இரண்டு முறையும் உர்பான் கோபப்படாமல் நாயைத் திரும்பக் கூட்டிவந்து, "தேடும்மா, தேடு" என்றான். ஒரு மணி நேரம் கழித்து ஆடு எங்களுக்குக் கீழே ஒரு திட்டில் நின்றது. உர்பான் மண்டியிட்டு ஒரே குண்டு சுட்டான். என் காது இரையவே இல்லை.

ஆடு சரிந்து கீழே ஓடைப் பிளவுக்குள் விழுந்தது. உர்பான் கயிற்றை ஒரு பைன் தண்டில் கட்டினான்.

"நான் இறங்கறேன்" என்றேன்.

"உன் வலிக்கிற முட்டிய வெச்சுக்கிட்டா? இதப் பிடி." துப்பாக்கியையும் நாயையும் என்னிடம் கொடுத்துவிட்டு இறங்கிப் போனான்.

மூன்று வருடத்தில் அன்றுதான் அந்தத் துப்பாக்கி என் கைக்கு வந்தது. பொறாமைப்படுகிறவன் அடுத்தவன் பொருளை உற்றுப் பார்ப்பான் என்று நினைக்கிறார்கள். இல்லை, முகத்தைத் திருப்பிக்கொள்வான். குண்டுகளை வெளியே எடுத்துவிட்டு அன்றுதான் அதை முழுதாகப் பார்த்தேன். குழலின் வாய் தொழிற்சாலையில் செய்தபடியே, கறுப்புப் பூச்சு கலையாமல் இருந்தது. என்னுடையதில் மிஹாவின் கை பட்ட இடம் வளையமாகத் தெரியும். இதில் அப்படி எதுவும் இல்லை.

மடக்கு அளவுகோல் எப்போதும் என் கால்சட்டைப் பையில் இருக்கும். அது இல்லாமல் வெளியே போனால் எனக்குத் துணி உடுத்தாத மாதிரி. இரண்டு துப்பாக்கியையும் பக்கத்தில் வைத்து, ஒரே இடத்திலிருந்து வாய்வரை அளந்தேன். அவனுடையது என்னுடையதைவிட ஆறு சென்டிமீட்டர் நீளமாக இருக்க வேண்டும். பத்து இருந்தது. மறுபடி அளந்தேன். பத்துதான்.

ஐம்பத்தாறு. அவன் வெட்டவே இல்லை.

ஒரு பொய்யை முந்துவதற்காக நல்ல எஃகை அறுத்துப் போட்டிருக்கிறேன், ஒரு ஆட்டை நொண்டியாக்கியிருக்கிறேன். கோபம் தலைக்கு ஏறியது. உடனே அதற்குப் பின்னாலேயே இன்னொன்றும் வந்தது, தித்திப்பாக. அவன் அறுபதாவது பிறந்தநாள், கழகம் முழுக்க மேசையைச் சுற்றி, நான் எழுந்து அளவுகோலை ஒவ்வொரு மடிப்பாகப் பிரிக்கிறேன். இருபத்தொன்பது வருடம் இதற்காகத்தான் காத்திருந்தேன் என்று தோன்றியது.

அப்போது உர்பான் மேலே வந்தான். ஆட்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, கன்னத்தில் கீறல், மூச்சு வாங்கியது. அளவுகோலை மடிக்க எனக்கு நேரம் கிடைக்கவில்லை. அதை அவன் பார்த்தான். இரண்டு துப்பாக்கியும் பக்கத்தில் பக்கத்தில் கிடப்பதையும் பார்த்தான். ஆட்டை மெதுவாக இறக்கி வைத்தான்.

"எவ்வளவு காட்டுது?" என்றான். அவனுக்கு அப்படி ஒரு சின்னக் குரல் உண்டு என்பதே எனக்குத் தெரியாது.

"அம்பத்திரண்டு" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. உர்பான் ஒரு பைன் கொத்தை ஒடித்து, ரத்தத்தில் தொட்டு, முதல் குண்டு சுட்டவனுக்குச் செய்யும் வழக்கப்படி என் தொப்பியில் செருகிக் கை கொடுத்தான். தடம் பிடித்துக் கொடுத்தவர்களுக்குச் சுட்டவன் தன் கொத்தில் பங்கு கொடுக்க வேண்டும். ஒடித்து ஒரு துண்டை ஆய்டாவின் கழுத்துப் பட்டையிலும், ஒரு துண்டை உர்பானின் தொப்பியிலும் செருகினேன். பெரிய துண்டு நாய்க்குத்தான் போனது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

இறங்கும் வழி முழுக்க ஆட்டை அவனே சுமந்தான், என்னைத் தொடவிடவில்லை. பாதி தூரத்தில் திரும்பிப் பார்க்காமலே பேசினான்.

"வெட்டணும்னுதான் கொண்டு போனேன், மாப்ள. பட்டறை வாசல்வரைக்கும் போயிட்டேன். அப்புறம் மனசு வரல. ஆனா குடில்ல வாய் முந்திடுச்சு."

"எதச் சொல்ற?"

"ஒண்ணுமில்ல."

வீட்டில் பவ்லா சூப்பை என் முன்னால் வைத்தாள். "பாத்தியா எங்க அண்ணன? பால் வண்டியவே விட்டுட்டு ஓடி வந்திருக்கு. நீ போவியா அப்படி?" என்றாள். நாக்கு நுனிவரை வந்த, அவன் வெட்டாத நாலு சென்டிமீட்டரைச் சூப்போடு சேர்த்து விழுங்கினேன். நேராக விறகு பிளக்கப் போனேன்.

மறுநாள் மைதானச் சாவியைக் கேட்டு வாங்கி முந்நூறு மீட்டரில் சுட்டேன். உர்பான் பக்கத்தில் நின்று காதைப் பொத்திக்கொண்டான்.

அன்றிலிருந்து அவன் வாயில் அந்த எண் வந்ததே இல்லை. குடிலில் யாராவது புதிதாகத் துப்பாக்கி வாங்கி, குழல் எவ்வளவு இருந்தால் நல்லது என்று கேட்டால், அவன் தன் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருப்பான். நான்தான் முந்திக்கொண்டு பதில் சொல்கிறேன்.

"உர்பானோட மாதிரி அம்பத்திரண்டு வெச்சுக்க. அதவிடப் பொருத்தமான அளவு இல்ல."

அவன் காது இரண்டும் சிவந்துவிடும். ஸ்தானேவுக்கான பக்கத்தில் அவனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தையும், அதற்குக் கீழே ஐம்பத்திரண்டு சென்டிமீட்டர் என்று குழலின் நீளத்தையும் எழுதப்போகிறேன்.