பாரிவாக்கத்தில் ஓரகத்தி வாங்கிய நிவாரண மாடு

சுற்றுலா என்று நினைத்துவிடாதீர்கள். வயிற்றெரிச்சலில் கிளம்பிய பயணம் இது. போன மழையில் அம்பத்தூரில் எங்கள் கொட்டகைக்குள் வெள்ளம் புகுந்து என் கறவை மாடு செத்துப்போனது. அதே மழையில் பாரிவாக்கத்தில் என் ஓரகத்தி வசந்தாவின் மாடும் செத்தது. என் கொழுந்தன் பெண்டாட்டி, என்னைவிடச் சின்னவள். அவளுக்கு அரசு நிவாரணம் வந்து புது மாடே வாங்கிவிட்டாள். மனு கொடுத்த எனக்கோ ஒரு பதிலும் இல்லை. மிச்சமிருந்த ஒற்றை மாட்டின் பால் போதாமல், நான் பால் ஊற்றும் அடுக்குமாடி வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராகப் பாக்கெட் பாலுக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். வசந்தா யாரைப் பிடித்துக் காரியம் சாதித்தாள் என்று தெரிந்துகொள்ளத்தான் போன ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன்.

மதியம் ஒரு மணிக்கு அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பூந்தமல்லி பேருந்து பிடித்தேன். பெண்களுக்குக் கட்டணமில்லாத வண்டியாகப் பார்த்து ஏறுங்கள். தூரம் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஆனால் வானகரத்தில் நெரிசல் உயிரை வாங்கிவிடும், ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பூந்தமல்லியிலிருந்து ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய். வசந்தா பெயரைச் சொன்னதுமே ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார்.

"புது மாடு வாங்கிகீறாங்களே, அந்த ஊடா? சூப்பர் மாடுக்கா!"

இவருக்குக்கூடத் தெரிந்திருக்கிறது.

மாடு உண்மையிலேயே அழகுதான். கறுப்பும் வெள்ளையுமாக, பளபளவென்று நின்றது. எங்கேயாவது ஒரு குறை கண்டுபிடிக்கலாம் என்று இரண்டு முறை சுற்றி வந்தேன். கிடைக்கவில்லை.

"இன்னாக்கா, இப்பதான் வழி தெரிஞ்சுதா?" என்று வசந்தா மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"அதிருக்கட்டும், யாரைப் புட்ச்சு பணம் வாங்குன?"

"யாரையும் புடிக்கலக்கா. வீஏஓ வந்து போட்டோ எடுத்துகினாரு. மாட்டு டாக்டர் வந்து வயித்தக் கீறிப் பாத்து சர்டிபிகேட் குட்தாரு. உன்கிட்ட அது கீதா?"

என்னிடம் இல்லை. மாடு செத்த அன்று காலையிலேயே மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, மாலை போட்டு, ஜேசிபி வைத்துக் குழி தோண்டிப் புதைத்துவிட்டேன். பால் கொடுத்த மாட்டைப் புதைக்காமல் போட்டு வைப்பது பாவம் என்று தெருவே சொன்னது.

"டாக்டர் வர்ற வரைக்கும் பொதைக்காதனு சொல்றதுக்குத்தான் அன்னைக்கே நாலு வாட்டி போன் பண்ணேன். நீ எடுக்கவேல்லக்கா."

எடுக்கவில்லைதான். அவள் தன் சோகத்தைச் சொல்லி அழப்போகிறாள், என் சோகமே எனக்குப் பெரிது என்று விட்டுவிட்டேன்.

கிளம்பும்போது சாயந்திரம் கறந்த பாலில் நான்கு லிட்டரைத் தூக்கில் ஊற்றிக் கையில் கொடுத்தாள். "உன் கஸ்டமருக்கு ஊத்துக்கா. காசெல்லாம் பேசாத." வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன், அதற்குள் கை நீண்டு வாங்கிக்கொண்டது. கொடுக்கிற இடத்தில் அவள், வாங்குகிற இடத்தில் நான். பேருந்தில் அந்தத் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு வந்தபோது, மாட்டைப் பார்த்தபோது எரிந்ததைவிட அதிகமாக வயிறு எரிந்தது.

மாடு வளர்க்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். வெள்ளத்தில் மாடோ ஆடோ செத்தால் உடனே கிராம நிர்வாக அலுவலரிடமும் கால்நடை மருத்துவமனையிலும் சொல்லுங்கள். படம் எடுத்து வையுங்கள். பரிசோதனைச் சான்று கைக்கு வந்த பிறகு எத்தனை மாலை வேண்டுமானாலும் போடுங்கள். பாரிவாக்கம் போகிறவர்கள் ஐந்து மணிக்குள் திரும்பிவிட்டால் நெரிசலில் சிக்கமாட்டார்கள்.

அன்று இரவே, அந்தப் பாலை வாங்கிய மூன்றாவது மாடி வீட்டு அம்மா போன் செய்தார். "பால் இன்னைக்கு அவ்ளோ நல்லா இருக்கு! தினமும் இதே பால் கொடுத்தீங்கன்னா பாக்கெட்டை நிறுத்திடுறேன்."

சரி என்று சொல்லிவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு வசந்தாவைக் கூப்பிட்டேன். இனிமேல் தினமும் பாலுக்கு வரட்டுமா, காசு கொடுத்தே வாங்கிக்கொள்கிறேன் என்றேன்.

"இதுக்கா இவ்ளோ தயங்குற? வாக்கா," என்றாள், ஒரு நொடிகூட யோசிக்காமல்.

அந்த நல்ல மனசும் பாருங்கள், அவளுக்குத்தான் வாய்த்திருக்கிறது.