அப்பா விரலுக்குத் திறக்காத கண்ணாடி

டொக்... டொக்...

அப்பா நகத்தால் கண்ணாடியைத் தட்டும் சத்தம். வாழ்நாளெல்லாம் தோட்டத்தில் எண்ணெய்ச் செம்பனைக் குலை வெட்டிய கை. காய்ப்பு ஏறி ஏறி, விரல் நுனியெல்லாம் மரப்பட்டை மாதிரி. என்னுடைய டச் ஸ்கிரீன் பிளேயருக்கு அப்பாவின் விரல் ஒரு விரலாகவே தெரியவில்லை.

ரவாங் ஃபேக்டரியில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கம்பெனி டின்னர் லக்கி டிராவில் எனக்கு விழுந்தது அது. உள்ளங்கை அளவுதான். பாட்டு கேட்கலாம், படம் பார்க்கலாம், வீடியோ எடுக்கலாம். சிம் கார்டு போட மட்டும் இடமில்லை.

"பேசாத போன வச்சுக்கிட்டு என்னா லா செய்யப் போற?" என்று அம்மா கிண்டல் செய்வார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்தால் எங்கள் ஈஜோக் தோட்டத்து வீட்டில் அதில்தான் பாட்டு. சத்தம் பத்தவில்லை என்று அம்மாவே அதை ஒரு காலிச் சொம்புக்குள் இறக்கி வைப்பார். கணீரென்று கேட்கும்.

அப்படி ஒரு ஞாயிறு... அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்ததைச் சும்மா வீடியோ எடுத்தேன். புறங்கையால் முகத்தை மறைக்கிறார். வாசலிலிருந்து அப்பா கோப்பி கேட்கிறார். அம்மா அந்தப் பக்கம் திரும்பி, "இருங்க, வந்துர்றேன்" என்கிறார்.

அவ்வளவுதான் வீடியோ.

அந்த வருடமே அம்மா போய்விட்டார். காலையில் நன்றாகத்தான் இருந்தார். மதியம் நெஞ்சு வலி என்று படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு, அப்பா வேலை விட்டு வந்து குளித்துவிட்டு, பிளேயரை என்னிடம் நீட்டுவார். எதற்கு என்று சொல்ல மாட்டார். நான் அந்த வீடியோவை அமுக்கிக் கொடுத்துவிட்டு வெளியே போய்விடுவேன். ஓடி முடிந்ததும் உள்ளே மறுபடி டொக்... டொக்... திரை அசையாது. திரும்ப என்னைக் கூப்பிட அவருக்குக் கூச்சம். பெற்ற மகளிடம் ஒரு மனிதர் எத்தனை முறைதான் கேட்பார்?

பிறகு ஷிஃப்ட் மாறியது. நான் ரவாங் ஹாஸ்டலுக்குப் போக வேண்டியதாயிற்று. பிளேயரை அப்பாவிடமே விட்டுவிட்டேன். சமையல்கூடச் செய்துகொள்வார், வீடியோவை யார் அமுக்கிக் கொடுப்பார்கள் என்பதுதான் எனக்குப் பெரிய கவலை.

ஒரு சனிக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வந்தேன். அப்பா நாற்காலியில் குனிந்து, முகத்தைப் பிளேயர் கண்ணாடியில் வைத்திருந்தார். அழுகிறார் என்று நினைத்து வாசலிலேயே நின்றுவிட்டேன்.

அழவில்லை. மூக்கு நுனியால் திரையை அமுக்கிக்கொண்டிருந்தார்.

"இருங்க, வந்துர்றேன்."

முடிந்தது. மறுபடி குனிந்தார். மறுபடி அம்மா குரல்.

என்னைப் பார்த்ததும் மூக்கைத் தேய்த்துக்கொண்டார். "வெரலுக்குத்தான் தெறக்க மாட்டேங்குதும்மா. மூக்குக்குத் தெறக்குது" என்றார். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா போன பிறகு அந்த வீட்டில் சிரித்தது அன்றைக்குத்தான்.

இன்று அந்த பிளேயர் பேட்டரி உப்பிப்போய் அலமாரியில் கிடக்கிறது. வீடியோவை அப்பாவின் போனுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டேன். அவர் தோட்ட வேலையை விட்டுப் பல வருடம் ஆகிறது. காய்ப்பெல்லாம் உதிர்ந்து, கை மெத்தென்று ஆகிவிட்டது. பேத்திக்கு வீடியோ கால் போடுகிறார், வாட்ஸ்அப்பில் தினமும் காலை வணக்கம் அனுப்புகிறார். எல்லாம் விரலால்தான்.

அந்த ஒரு வீடியோவுக்கு மட்டும், இன்றும் முகத்தைத் தாழ்த்துகிறார்.