எமரால்டு பஸ்ஸில் ஒரு மன்றம்

எமரால்டு கிராமத்துக்குப் போகிற பஸ்ஸில் ஷாயிஸ்தாவுக்கு ஒரு வேலையும் கிடையாது. வீடு ஊட்டி பஜாரில், கல்லூரியிலிருந்து நடக்கிற தூரம். ஆனாலும் தினமும் நாலு மணிக்கு முண்டியடித்து ஏறி, பின்சீட்டருகே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவாள். "ஏம்பாப்பா, இன்னிக்கும் மீட்டிங்கா?" என்றபடி கண்டக்டர் மரியஅந்தோணி இலவச டிக்கெட்டை நீட்டுவார்.

"ஆமாங்கண்ணா. எல்லாரும் ஏறுன பொறவு விசில் ஊதுங்க."

பி.காம். மூன்றாம் ஆண்டு. அத்தாவுக்கு ஸ்வெட்டர் கடை. படம் வரைகிறவர்கள், வீடியோ எடுக்கிறவர்கள், எதையாவது செய்து விற்கத் துடிப்பவர்கள் எல்லாரையும் சேர்த்துக் கல்லூரியில் ஒரு மன்றம் நடத்த ஆசைப்பட்டாள். முதல் கூட்டத்துக்கு நாலரை மணி என்று அறிவித்து, நாற்பது நாற்காலி போட்டு, டீக்குத் தொட்டுக்கொள்ள வர்க்கியும் வாங்கி வைத்தாள். ஒரு ஈ காக்கை வரவில்லை. எப்படி வரும்? எஸ்டேட் பிள்ளைகள் நாலு மணி பஸ்ஸை விட்டால் அடுத்தது ஆறரைக்கு. அப்புறம் இருட்டில் காட்டெருமைக்குப் பயந்துகொண்டே வீடு போய்ச் சேர வேண்டும். பஜாரிலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு இது தோன்றவே இல்லை. "நமக்குத்தான் பஸ்ஸே வேண்டாமே, எங்கிருந்துங்க புத்தி வரும்!" என்று இன்றைக்கும் தலையில் அடித்துக்கொள்கிறாள். மறுநாளே மன்றத்தைப் பஸ்ஸுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

பஸ் மன்றத்துக்கு ஒரே விதி: வளைவு வந்தால் பேச்சை நிறுத்திக் கம்பியைப் பிடி. கேரட் கழுவுவதைப் படம் எடுத்த வசந்த்குமாரின் போன் கைமாறிக் கைமாறி டிரைவர் வரை போய்த் திரும்பும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் இரண்டு பேர் இறங்கிப் போவார்கள். கடைசியில் ஷாயிஸ்தா மட்டும் அதே பஸ்ஸில் ஊட்டிக்குத் திரும்புவாள்.

இந்த மன்றத்தைப் பற்றி எழுதப் போயிருந்த நான், எதற்கம்மா இந்தப் பாடு என்று கேட்டேன். "படிச்சு முடிச்சவங்க எல்லாம் கோயமுத்தூர், திருப்பூர்னு கீழ எறங்கிடறாங்க. பொங்கலுக்கு வந்து மூஞ்சியக் காட்டிட்டுப் போறாங்க. ரெண்டு பேராச்சும் இங்கயே நின்னு ஒண்ணு பண்ணுனா எப்படி இருக்கும்! அவ்வளவு ஆசையா இருக்குதுங்க."

இந்த மே மாதத்தோடு அவள் படிப்பு முடிகிறது. அவளுக்குப் பிறகும் நடத்துவதாக இரண்டாம் ஆண்டு மாணவர்கள் பத்துப் பேர் கையெழுத்துப் போட்டால் மன்றத்துக்குத் தனி அறை தருவதாகவும், இல்லாவிட்டால் அதோடு சரி என்றும் முதல்வர் சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை கெடு. நான் போனது வியாழக்கிழமை. ஒன்பது கையெழுத்து விழுந்திருந்தது. பத்தாவது பிரீத்தி, கொழுந்து பறிக்கும் பெண்களைத் துணிப்பைகளில் வரைகிறவள். மன்றத்திலேயே கைத்திறன் உள்ள பிள்ளை அவள்தான் என்று ஷாயிஸ்தா வழியெல்லாம் என்னிடம் பெருமையடித்தாள்.

பிரீத்தியின் நிறுத்தம் வந்தது. எழுந்தபோது சொன்னாள்: "அக்கா, எம்பேரை உட்ருங்க. அப்பாவுக்கு எஸ்டேட்ல வேலை போயிருச்சு. திங்கக்கெழமை திருப்பூர் போறேன், பனியன் கம்பெனிக்கு."

"படிப்பு?"

"தங்கச்சி படிக்கட்டுங்க்கா."

ஷாயிஸ்தா அவளோடு படி வரை போனாள். "ஊடு வரைக்கும் வரட்டுமா?" என்று மட்டும் கேட்டாள்.

"வேண்டாங்க்கா. பஸ்ஸு போயிரும்." இறங்கிவிட்டாள்.

திரும்பும்போது ஷாயிஸ்தா என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். நான் சும்மா இருந்திருக்கலாம். பத்தாவதாக வேறு யாரும் கிடைக்க மாட்டார்களா என்று கேட்டுத் தொலைத்தேன்.

"நாளைக்கு யாரையாச்சும் புடிச்சுப் போட்டுருவனுங்க. அதுவா விசயம்? அவளே எறங்கிட்டா, அப்பறம் ரூம் எதுக்கு?"

மேடேறியதும் சிக்னல் வந்து அவள் போன் அதிர்ந்தது. மன்றத்தின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து பிரீத்தி விலகியிருந்தாள். ஷாயிஸ்தா அவளைத் திரும்பவும் குழுவில் சேர்த்தாள்.