சுருளியம்மாவின் அறுபத்தோராயிரத்து எழுநூறு

செல்லைக் கழற்றியது நான்தான்.

கை தவறி அல்ல. ஒயர் நழுவி அல்ல. தெரிந்தே, பட்டப்பகலில், நிதானமாகக் கழற்றினேன். பிறகு, ஒரே ஒரு வார்த்தை சொல்ல வேண்டிய இடத்தில் அதைச் சொல்லாமல் நின்றேன். இந்த இரண்டில் எது பெரிய குற்றம்? இருபது வருடமாக எனக்கு விளங்கவில்லை... நீங்கள் படித்துவிட்டுச் சொல்லுங்கள். சொல்லாவிட்டாலும் பாதகமில்லை, காது கொடுத்தால் போதும்.

நான் ஜீப் டிரைவராக இருந்தவன். கூடலூரிலிருந்து காலையில் ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு, குமுளி மலைப்பாதை ஏறி, கேரளத்துத் தோட்ட வாசலில் இறக்குவேன். சாயங்காலம் அழைத்து வருவேன். நடுவில் எட்டு மணிநேரம் காத்துக் கிடக்க வேண்டும். பள்ளிக்கூடம் எனக்கு எட்டாம் வகுப்போடு சரி. மிச்சப் படிப்பெல்லாம் அந்த எட்டு மணிநேரத்தில், ஸ்டீயரிங்கில் நூலகப் புத்தகத்தைச் சாய்த்து வைத்துப் படித்ததுதான்.

அந்த ஜீப்புக்குள்தான் அந்தப் பெட்டி வந்து சேர்ந்தது.

உங்களில் நாற்பதைத் தாண்டியவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. உள்ளங்கைக்குள் அடங்கும் வீடியோ கேம். சாம்பல் நிறம், மஞ்சள் பொத்தான்கள், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய திரை. மேலிருந்து கறுப்புக் கட்டைகள் ஒவ்வொன்றாக இறங்கும். திருப்பித் திருப்பி, இடைவெளி விழாமல் அடுக்கினால் வரிசை மறையும், நம்பர் ஏறும். தவறவிட்டால் கட்டைகள் உச்சிவரை குவிந்து ஆட்டம் முடியும். அவ்வளவுதான்! அந்த ‘அவ்வளவுதான்’ ஒரு ஜீப்பையே கட்டிப்போட்டது.

பெட்டிக்குச் சொந்தக்காரி சுருளியம்மா. முன்சீட்டில் எனக்குப் பக்கத்தில் உட்காருபவள். அவள் கொழுந்தன் முருகேசன் வீரபாண்டித் திருவிழாக் கடையில் அதை வாங்கி, மாதக்கணக்கில் ஆடித் தீர்த்துவிட்டு, திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் புறப்பட்ட அன்று மதினி கையில் கொடுத்துவிட்டுப் போனான். பெட்டிக்குள் அவனுடைய உச்ச நம்பர் அப்படியே இருந்தது. முப்பத்தெட்டாயிரத்து இருநூறு.

கொடுத்தது என் ஜீப் படியில் வைத்துத்தான். கொழுந்தனும் மதினியும் கேலி பேச எங்கள் பக்கம் அளவே கிடையாது.

“மதினி, கைநாட்டு வைக்கிறவுகளுக்கு இது ஏறாது. சும்மா பாட்டு வரும், கேட்டுக்கிட்டு இருங்க.”

“ஏறுச்சுன்னா என்னலே செய்வ?”

“என் நம்பரத் தாண்டிட்டீகன்னா, பொங்கலுக்கு வாரப்ப உங்க தூக்குவாளியத் தலையில வச்சு, ஊரு பாக்க ஜீப்பு வரைக்கும் தூக்கியாரேன்.”

பின்சீட்டில் பேச்சியக்கா இருந்தாள். எங்கள் ஜீப்பின் வாய் அவள்தான். “ஏலே முருகேசா, மதினி வைக்கிற புளிக்கொழம்பு தலையில வடிஞ்சா முடி முளைக்காதுடா! யோசிச்சுக்க!”

ஜீப்பே குலுங்கியது. சுருளியம்மாவும் சிரித்தாள். ஆனால் அந்தக் ‘கைநாட்டு’ அவளுக்குள் எங்கே போய் இறங்கியது என்பது பக்கத்தில் இருந்த எனக்குத் தெரியும். கூலிச் சீட்டில் பெருவிரலை அழுத்திவிட்டு, அந்த மை காயும்வரை கையை முந்தானைக்குள் மறைத்து வைத்திருப்பவள் அவள். எழுத்து தெரியாது. எண் கொஞ்சம் தெரியும், காய் நிறுக்கும் தராசு கற்றுக்கொடுத்தது. பெரிய நம்பரானால் என்னிடம் நீட்டி வாசிக்கச் சொல்வாள்.

அவள் ஆடியதை எப்படிச் சொல்வேன்!

ஏலச்செடி தலையில் காய்ப்பதில்லை. காலடியில், மண்ணோடு படர்ந்த சரத்தில் காய்க்கும். குனிந்து, முற்றியதை மட்டும் எடுத்து, பிஞ்சை விட்டுவிட வேண்டும். கண் பார்ப்பதற்குள் விரல் முடிவு செய்திருக்க வேண்டும். அந்த விரல்கள்தான் பொத்தானிலும் விழுந்தன. லோயர் கேம்ப் தாண்டி வளைவுகளில் ஜீப் சாயும்போது பின்னால் பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் சரிவார்கள். இவள் உடம்பும் சரியும். கை மட்டும் சரியாது!

கட்டைகளுக்கு அவளே பெயர் வைத்திருந்தாள். சதுரம் ‘வெல்லக்கட்டி’. வளைந்தது ‘கொக்கி’. நேராக நீண்டது ‘கம்பு’. நான் ஆடினால் பயத்தில் கண்ட இடத்தையெல்லாம் அடைப்பேன். அவளோ ஓரத்தில் ஒரு கட்டை அகலத்துக்குப் பள்ளம் விட்டே அடுக்குவாள். பார்க்கிற நமக்கு நெஞ்சு அடைக்கும்.

“அங்கன எதையாச்சும் போட்டு அடை ஆத்தா! முடியப்போகுது!” என்று நானே கத்தியிருக்கிறேன்.

“பொறுங்கண்ணே. கம்பு வரும். வராம எங்கன போயிரும்?”

வரும்! சரியாக அந்தப் பள்ளத்தில் செருகுவாள். நான்கு வரிசை ஒரே மூச்சில் மறையும். அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வராது, ஒரு அலட்டல் வராது... அடுத்த கட்டைக்கு விரல் போயிருக்கும். என் மகளுக்கு வரன் தட்டிக்கொண்டே போன நாட்களில், ஒவ்வொரு முறையும் நான் எனக்குச் சொல்லிக்கொண்டது அந்தச் சொல்லைத்தான். கம்பு வரும்.

அட்டையும் மழையும் உள்ள காட்டுக்குள் பெட்டியைக் கொண்டுபோக முடியாதே! பகலில் என்னிடம்தான் கொடுத்துவிட்டுப் போவாள். நானும் ஆடுவேன். எட்டு மணிநேரம் ஆடுவேன். என் உச்சம் இருபத்தொன்பதாயிரம். முருகேசன் வரைக்கும்கூட எட்டவில்லை. சாயங்காலம் ஏறியதும் பேச்சியக்கா ஆரம்பிப்பாள்:

“டிரைவரு இன்னைக்கும் அடைகாத்தாகளே... பொரிச்சுச்சா?”

அந்தப் பெட்டிக்கு ஒரு குறை இருந்தது. பேட்டரி செல்லைக் கழற்றினால் நம்பர் அழிந்துவிடும். உள்ளே செல் இருக்கும்வரைதான் அதற்கு ஞாபகம். இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தவன் நான். வெளியே இரண்டு செல்லைக் கட்டி, இரண்டு ஒயர் இழுத்து, பெட்டியின் ஸ்பிரிங்குகளில் அவற்றைத் தொட வைத்துக்கொண்டே பழைய செல்லை எடுத்துப் புதியதைப் போடுவேன். நம்பர் அப்படியே இருக்கும். சுருளியம்மா அதை ஏதோ ஆபரேஷன் போலக் கண்கொட்டாமல் பார்ப்பாள். “செல்லு மாத்துறதுன்னா டிரைவரண்ணே கையாலதான்” என்று எல்லாரிடமும் சொல்லுவாள்.

கவனித்தீர்களா? காவலுக்கு வைத்ததே என்னைத்தான்!

மார்கழியில் ஒரு சாயங்காலம். குமுளி செக்போஸ்டில் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. என் ஜீப்பும் நின்றது. பின்னால் பெண்கள் அசதியில் தூங்கிவிட்டார்கள். பக்கத்தில் பொத்தான் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது... பிறகு நின்றது. ஒரு கை என் முன்னால் நீண்டது.

“அண்ணே, இத வாசிங்க.”

வாசித்தேன். “அறுபத்தோராயிரத்து எழுநூறு.”

மறுபடி ஒருமுறை இலக்கம் இலக்கமாக எண்ணினேன். அதேதான்.

“முருகேசனுக்கு மேலயாண்ணே?”

“மேலயாவா! அவன் தலைமேல ஏறி நிக்கிறத்தா!”

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர். “யாருட்டயும் சொல்லிராதீக. பொங்கலுக்கு அவனே அவன் கண்ணால பாக்கட்டும்.” பிறகு என் முகத்தில் என்ன பார்த்தாளோ, “நீங்களும் எட்டிருவீகண்ணே” என்றாள்.

அந்த ஆறுதல்தான் என்னைக் கெடுத்தது. பேச்சியக்காவின் ஏச்செல்லாம் தோலோடு போனது. இவள் இரக்கம் உள்ளே போய்விட்டது. புத்தகம் படிக்கிறவன், ஒயர் கட்டுகிறவன், எட்டு மணிநேரம் ஆடுகிறவன்... நான் எட்டாத இடத்தில் இவள் ஏறி நின்று எனக்குக் கை கொடுக்கிறாளா? எவ்வளவு அற்பமான எண்ணம்! ஆனால் எனக்கு அது வந்ததே!

பொங்கலுக்கு நான்கு நாள் முன்பு திரை மங்கியது. காலையில் இறங்கும்போது புதுச் செல்லும் பெட்டியும் கொடுத்தாள். “ஒயரத் தொட்டுக்கிட்டு மாத்துங்கண்ணே.”

ஒயர் டாஷ்போர்டுப் பெட்டிக்குள் இருந்தது. கை நீட்டினால் எட்டும். நான் நீட்டவில்லை. பின்மூடியைத் திறந்தேன். இரண்டு செல்லையும் எடுத்து சீட்டில் வைத்தேன். அருகில் சோலையில் ஏதோ பறவை கத்திக்கொண்டிருந்தது. அது அடங்கும்வரை காத்திருந்தேன். பிறகு புதியதைப் போட்டு உயிர்ப்பித்தேன். பாட்டு வந்தது. உச்ச நம்பர் இருந்த இடத்தில் பூச்சியம்.

ஆறு மாத உழைப்பு... சந்தோஷமாக இருந்ததா? இல்லை. பயமாக இருந்தது.

“ஒயரு நழுவிருச்சுத்தா” என்றேன் சாயங்காலம்.

மூன்று வளைவு தாண்டும்வரை அவள் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, “விடுங்கண்ணே, மனுசக் கைதான? நீங்க பாத்திருக்கீகள்ல. நீங்க சொன்னா முருகேசன் நம்புவான்” என்றாள்.

பொங்கல் முடிந்து முதல் வேலை நாள். முருகேசன் ஜீப் நிற்கும் இடத்துக்கே வந்தான். பெண்கள் எல்லாம் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். சுருளியம்மா தூக்குவாளியை அவன் முன்னால் நீட்டினாள். “பிடிலே. தலையில வை.”

அவன் பெட்டியை வாங்கி உயிர்ப்பித்தான். பார்த்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

“மதினி! பூச்சியத்தையா மதினி எடுத்தீக? இதுக்கா வாளியத் தூக்கணும்?”

“செல்லு மாத்துறப்ப அழிஞ்சிருச்சு. அறுபத்தோராயிரத்து எழுநூறு எடுத்தேன். டிரைவரண்ணே பாத்தாக.” என் பக்கம் திரும்பினாள். “சொல்லுங்கண்ணே.”

பதினான்கு பெண்கள் என்னையே பார்த்தார்கள்.

சொல்லியிருக்கலாம். பார்த்தேன் என்று ஒரு வார்த்தை! ஏன் வரவில்லை? சொன்னால் செல் கதை கிளறப்படும் என்ற பயமா? இவளிடம் நான் தோற்றதை என் வாயாலேயே ஊருக்கு அறிவிக்க வேண்டுமே என்ற கூச்சமா? இரண்டும்தான்.

“நான் சரியாக் கவனிக்கலத்தா... வண்டி ஓட்டிக்கிட்டிருந்தேன்ல” என்றேன்.

வண்டி நின்றுகொண்டிருந்தது. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

“அப்பறம் என்ன? இப்ப ஆடிக் காமிங்க மதினி!” என்றான் முருகேசன். ஆடியிருந்தால் எடுத்திருப்பாள், எனக்குச் சந்தேகமே இல்லை. அவள் ஆடவில்லை. பெட்டியை என் டாஷ்போர்டில் வைத்தாள். தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டாள். அதன் பிறகு அதைத் தொடவில்லை, திருப்பிக் கேட்கவும் இல்லை. மறுநாள் முதல் பின்சீட்டுக்குப் போய்விட்டாள்.

பெயர் ஒட்டிக்கொண்டது. முருகேசன் கல்யாண வீடுகளில் இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி, ‘பூச்சியம் மதினி’ என்பது வெறும் ‘பூச்சியம்’ ஆகி, தெருவே அப்படிக் கூப்பிட ஆரம்பித்தது.

மூன்று வருடம் முன்பு ஜீப்பை விற்றேன். டாஷ்போர்டுப் பெட்டியைக் காலி செய்தபோது, பழைய பர்மிட் காகிதங்களுக்கு அடியில் அது கிடைத்தது. செல் ஒழுகி, ஸ்பிரிங் பூத்துப் போயிருந்தது. எலுமிச்சைச் சாறு தொட்டுத் தேய்த்தேன். புதுச் செல் போட்டேன். அந்தப் பாட்டு வந்தது பாருங்கள்... கொண்டை ஊசி வளைவும், ஏலக்காய் வாசமும், பேச்சியக்கா சத்தமும் எல்லாம் சேர்ந்து வந்தன! பெட்டியைப் பட்டுத்துணியில் சுற்றி அலமாரியில் வைத்தேன். தினமும் எடுத்து ஆடினேன். அவள் நம்பரைத் திரும்ப எடுத்துவிட்டால், கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம் அல்லவா? மூன்று வருடத்தில் என் உச்சம் முப்பத்தோராயிரம். அவள் எவ்வளவு பெரிய ஆட்டக்காரி என்பது அப்போதுதான் எனக்கு முழுசாக உறைத்தது.

போன மாதம் பெட்டியை எடுத்துக்கொண்டு போனேன். குமுளி ரோட்டோரம் திராட்சை விற்கிறாள் சுருளியம்மா. மூக்குக்கண்ணாடி போட்டிருந்தாள். போகிற வேன்காரன் ஒருவன், “என்ன பூச்சியம், வெயிலு மண்டையப் பொளக்குதா?” என்று கத்தினான். அவள் கை காட்டினாள். சொந்தப் பெயருக்குக் காட்டுவது போலவே காட்டினாள்.

சொல்லிவிடத்தான் போயிருந்தேன். பெட்டியைப் பார்த்ததும் அவள் கை தானாக நீண்டது. நான் கொடுத்தேன்.

ஆடினாள். எதையும் மறக்கவில்லை அந்த விரல்! மலையாளத்துக் கார் ஒன்று வந்து நின்று, “சேச்சி, மதுரமுண்டோ?” என்றது. நிமிராமலே, “நல்ல மதுரமா!” என்றாள். ஓரத்தில் அதே பள்ளம். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கம்பு வந்தது. திரும்பத் திரும்ப வந்தது. ஆட்டம் முடிந்ததும் என் முன்னால் நீட்டினாள்.

“வாசிங்கண்ணே.”

“நாற்பதாயிரத்து நூறு.”

“பாத்தீகள்ல?”

“பாத்தேன்த்தா.”

“இன்னைக்கி வண்டி ஓட்டல பாருங்க” என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

பிறகு பெட்டியைத் திருப்பினாள். மூடியைத் தள்ளி, இரண்டு செல்லையும் அவளே எடுத்து, பெட்டியையும் சேர்த்து ஒரு கிலோ திராட்சையோடு பையில் போட்டு என்னிடம் கொடுத்தாள். “உள்ள கெடந்தா ஒழுகிரும்ணே. உங்களுக்குத் தெரியாததா?”

அவளுக்குத் தெரியுமா? எப்போதிலிருந்து தெரியும்? கேட்கவில்லை. சொல்லவும் இல்லை. கிளம்பினேன். பின்னால் யாரோ “பூச்சியம்” என்று கூப்பிட, அவள் “ஆங்” என்றது ரோடு திரும்பும்வரை கேட்டது.

பெட்டி என் அலமாரியில் இருக்கிறது. செல் போடவில்லை. அவள் எடுத்த இரண்டு நம்பர்களும் இப்போது அதற்குள் இல்லை. என்னிடம் மட்டும்தான் இருக்கின்றன.

அறுபத்தோராயிரத்து எழுநூறு. ஜீப் நின்றுகொண்டிருந்தது. நான் பார்த்தேன்.

உங்களிடம் சொல்ல வருகிறது. முருகேசன் நம்பர் என் போனில் இருக்கிறது. இன்னும் அழைக்கவில்லை.