மாமியின் பெட்டியும் என் பெரிய கொண்டென்சரும்

என் புத்தக அலுமாரியில், தடித்த நூல்களுக்கு முன்னால் ஒரு கண்ணாடி வால்வு நிற்கிறது. வயிறு கறுத்து, உள்ளே கம்பி தொய்ந்து, ஏறக்குறைய என்னைப் போல. தூசி தட்டும்போதெல்லாம் எறிந்துவிட நினைப்பேன். பிறகு அதற்கும் அலுத்து, இருந்த இடத்திலேயே வைத்துவிடுவேன்.

அது நாவற்குடாவில் என் மாமியாரின் ஆம்பிளிஃபயரில் இருந்தது. மாமா உயிரோடிருந்த காலத்தில் தன் கையால் செய்த பெட்டி. அவருடைய திவசத்தன்று, அவருக்குப் பிடித்த நாதஸ்வர இசைத்தட்டை அதில் போட்ட பிறகுதான் படையல். மாமி மருமகனிடம் எதிர்பார்த்த ஒரே உதவி, அந்தப் பெட்டியைத் தொடாமலிருப்பது.

பெட்டி இரையும். எனக்குப் பொறுக்கவில்லை. “அது கிடந்து இரையட்டும் மனே. ஆரு உங்களக் கேட்ட?” என்பார் மாமி.

நான் புத்தகம் வாசிக்கிறவன், அதுதான் வினை. வீட்டுக்கு வரும் மின்சாரம் முன்னும் பின்னுமாக ஆடுவது. அதை ஒரே திசையில் ஓடவைப்பது இந்த வால்வு. ஓட்டத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்துவது கொண்டென்சர், ஒரு தொட்டியைப் போல. தொட்டி பெரிதானால் இரைச்சல் குறையும் என்றது புத்தகம். மாமா போட்டிருந்தது பதினாறு மைக்ரோஃபரட். நான் இருநூற்றிருபது போட்டேன். இரைச்சல் நின்றது. இரண்டு கிழமை ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். வெறுந்தொட்டி குடிக்கும் முதல் மிடறே வால்வைக் கொன்றுவிடும், அளவோடு போடு என்று அதே பக்கத்தில் அடிக்குறிப்பு இருந்தது. அடிக்குறிப்புகளை நான் வாசிப்பதில்லை.

திவசத்தன்று மாரி மழை. தட்டு பாடத் தொடங்கியதும் மின்சாரம் போனது. நாலைந்து விநாடியில் திரும்பியது. அதற்குள் தொட்டி வற்றிவிட்டது. ஆறிய வால்வு என்றால் மெல்லச் சூடாகி மெல்ல ஊற்றியிருக்கும். இது சூடாகவே இருந்ததால் ஒரேயடியாக ஊற்றியது. பெட்டிக்குள் நீலமாய் ஒரு மின்னல். அவ்வளவுதான்.

மாமி அடுக்களையிலிருந்து வாழையிலையோடு வந்தார்.

“என்ன மனே, செத்திற்றா?”

“ஓம் மாமி.”

“வேற வால்வு?”

“இல்ல மாமி.”

பெட்டியைப் பார்த்தார். மாலை போட்ட படத்தைப் பார்த்தார். ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

“பாட்டில்லாம அவருக்குப் படைக்கேலா. நீங்க பாடுங்க.”

பள்ளிக்கூடத்தில் அடிவாங்கிப் படித்த தேவாரம் ஒன்றுதான் வாயில் வந்தது. பாடினேன். மாமி கண்ணை மூடிக் கடைசிவரை கேட்டார்.

“இப்ப சரி,” என்றார். “இரையிது.” பிறகு கற்பூரத்தைக் கொளுத்தினார்.

மாமியும் போய்விட்டார். பெட்டியில் இப்போது வால்வுக்குப் பதில் சிலிக்கன் டயோட். இரைச்சல் என்ற பேச்சுக்கே இடமில்லை. இன்று காலை வால்வைத் தூசி தட்டி அதே இடத்தில் வைத்துவிட்டு வந்தேன். மாமியின் திவசம். மனைவி தட்டைப் போட்டாள். நாதஸ்வரம் துல்லியமாகக் கேட்டது. பாதியில் அதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.